தமிழ்ல சொன்னா ரஃப்பா இருக்கும்

அந்த முப்பத்திரண்டு கடிதங்களையும் டைப் அடித்தவள் சந்திரகலாதான். யாரும் அவள் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு காப்பி; ஒரு தடவைக்கு நாலு தாள், நடுநடுவே கார்பன், பதினாறு தடவை. பேர் வர வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளி வைத்துக்கொண்டே போகச் சொல்லியிருந்தார் மேனேஜர் மூர்த்தி. முடித்தபோது மணி மூன்றிருக்கும். சித்திரை வெயில் ஆபீஸ் தகரக் கூரையில் இறங்கி, மேசை, நாற்காலி, மெஷினின் இரும்பு என்று தொட்டதெல்லாம் சுட்டது. சுண்டுவிரல் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. ஆனால் பதினாறு தடவையிலும் ஓர் இடத்தில்கூட ரப்பர் போட்டு அழிக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்த எண்ணெய் மில். சுற்றுப்பட்ட ஊர்களில் விளைகிற மல்லாட்டையெல்லாம், அதாவது வேர்க்கடலையெல்லாம், மாட்டு வண்டியிலும் லாரியிலும் அங்கேதான் வந்து இறங்கும். ஒரு பக்கம் உடைக்கிற மெஷின், ஒரு பக்கம் பொட்டும் கல்லும் பொறுக்குகிற பெண்கள், உள்ளே வரிசையாக எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லர்கள், கடைசியில் பாய்லர். எண்ணெயும் புண்ணாக்கும் கலந்த அந்த வாசனை மில் ஆட்கள் குடியிருக்கிற காலனி வீடுகளின் சுவரில் ஏறி, துவைத்த துணியில் ஏறி, சோற்றிலும் ஏறியிருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த சந்திரகலாவுக்கு அது வாசனை என்றே தெரியாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மூக்கைச் சுருக்கினால்தான் நினைவு வரும்.

அப்பா சகாதேவன் எக்ஸ்பெல்லரில் பதினெட்டு வருஷம். அம்மா சந்திரம்மாள் பொறுக்குகிற கூட்டத்தில் தினக்கூலி. சந்திரகலா ப்ளஸ் டூ முடித்து, சுப்பிரமணி சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் ஹையரும் தமிழ் லோயரும் பாஸ் செய்து, எட்டு மாதம் முன்பு அதே மில்லின் ஆபீசில் உட்கார்ந்தாள். அவள் படித்தது தமிழ் மீடியம். இங்கிலீஷ் அவளுடைய விரலுக்குத்தான் தெரியும்; நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை. அந்த வார்த்தைகள் விரல் வழியாக வந்து தாளில் இறங்கிவிடும். மனசுக்குள் வந்து உட்காருவது நாலில் ஒன்றுதான். இது அவளுக்குத் தெரியும். காலனியில் வேறு யாருக்கும் தெரியாது.

மூர்த்தி மில் முதலாளியின் மருமகன். மாசி மாதம் மெட்ராஸில் ஏதோ ஒரு ஹோட்டலில் பத்து நாள் மேனேஜ்மெண்ட் டிரெயினிங் போய்விட்டு வந்தார். போனபோது ஒரு சூட்கேஸ். வந்தபோது சூட்கேஸோடு ஒரு மூட்டை வார்த்தைகளும் வந்தன. பெல்ட் அறுந்து மெஷின் நின்றால் முன்பெல்லாம், "எவன்டா பெல்ட்டப் பாக்கல?" என்று கத்துவார். இப்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இதான் நம்ம பாட்டில்நெக்" என்றார்.

பாய்லர் ஃபிட்டர் குலாம் ரசூல் எரிகிற அடுப்பிலிருந்து தலையை வெளியே நீட்டி, "பாட்டில் எங்க சார் உடைஞ்சிது? கால்ல கீல்ல குத்திக்கப் போவுது" என்றார்.

மில்லே சிரித்தது. ஒரு மாதத்துக்கு அது ஓடியது. "ஏ பாட்டில்நெக்கு, ஒரு பீடி குடு" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். காய்ச்சலில் படுத்தவனிடம் "இன்னாய்யா, மேன்அவர் லாஸா?" என்று விசாரித்தார்கள். வார்த்தைகள் வேடிக்கையாக இருந்தவரைக்கும் எல்லாரும் அவற்றைத் தட்டித் தட்டி விளையாடினார்கள்.

கடிதத்தை அடிப்பதற்கு முன் சந்திரகலா மூர்த்தியிடம் கேட்கத்தான் செய்தாள்.

"சார், இந்த ரேஷனலைசேஷன்னா இன்னா சார்?"

"அது ஒரு கான்செப்ட்மா. சீர்படுத்தறது. நல்ல விஷயம்தான். நீ ஸ்பெல்லிங்க மட்டும் பாரு."

அவள் ஸ்பெல்லிங்கைப் பார்த்தாள்.

சனிக்கிழமை சம்பளக் கவரோடு கடிதத்தையும் கொடுத்தார்கள். புள்ளி வைத்த இடங்களில் மூர்த்தியின் கையெழுத்தில் முப்பத்திரண்டு பேர்கள். ஒரு காப்பி வைத்துக்கொள்ள, இன்னொரு காப்பியில் கையெழுத்துப் போட்டு ஆறு மணிக்குள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். "இன்னா சார் இது?" என்று கேட்டவர்களுக்கு மூர்த்தி, "புது ஸ்கீம்பா. உங்களுக்கு பெனிஃபிட்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

சகாதேவன் அங்கேயே கையெழுத்துப் போடவில்லை. பேனாவை நீட்டிய வாட்ச்மேனிடம், "எம் பொண்ணு பாக்கட்டும், இரு" என்றார். அதைக் கேட்ட மற்றவர்களும் பேனாவைக் கீழே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் காலனியில் அவர்கள் வீட்டு வாசலில் முப்பது பேர் நின்றார்கள்.

சந்திரகலா அடுப்படியில் காராமணிக் குழம்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை வாங்கியதும் அவள் அடித்த கடிதம்தான் என்று தெரிந்தது. நெஞ்சுக்குள் என்னவோ ஒரு குளிர். ஆனால் அது என்னவென்று பார்க்க நேரமில்லை. முப்பது முகங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் அப்பா, தோளில் துண்டோடு. பொண்ணு படிக்கப் போகிறாள் என்கிற நிமிர்வு அவர் கழுத்தில் இருந்தது.

"படிம்மா, சத்தமாப் படி" என்றார் குலாம் ரசூல்.

அவள் இங்கிலீஷை முழுதாகப் படித்தாள். தங்குதடையில்லாமல் படித்தாள். அது ஒன்றே அவர்களுக்குப் பாதி அர்த்தம் சொன்ன மாதிரி இருந்தது.

"இப்ப தமிழ்ல சொல்லும்மா."

"மில்ல சீர்படுத்தப் போறாங்களாம், மாமா. ரேஷனலைசேஷன்னு போட்டிருக்கு."

"ரேஷனா?" பின்னாலிருந்து ஒரு குரல். "அரிசி குடுக்கறானா?"

"அப்படித்தான் ஏதோ வசதி பண்ணுவாங்களாட்டம் இருக்கு" என்றாள். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. "அப்புறம், உங்கள ஐடெண்டிஃபை பண்ணியிருக்காங்க. அதாவது, கண்டுபிடிச்சு எடுத்திருக்காங்க. சர்ப்ளஸ்னு."

"சர்ப்ளஸ்னா?"

எகனாமிக்ஸ் புத்தகத்தில் படித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சர்ப்ளஸ் பட்ஜெட். உபரி. நாட்டுக்கு நல்லது. "தேவைக்கு மேல ஜாஸ்தியா இருக்கறது. நல்லதுதான்."

"பதினெட்டு வருசம் ஒழைச்சமில்ல. ஜாஸ்திதான்" என்றார் சகாதேவன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"ஒண்ணாந்தேதியிலேந்து ரிலீவ் பண்றாங்களாம். ரிலீஃபுன்னா நிவாரணம். புயலுக்குக் குடுப்பாங்கல்ல? அது மாதிரி ஒரு தொகை. கடைசியில பெனிஃபிட்டுன்னு வேற போட்டிருக்கு."

"அப்ப கையெழுத்துப் போடலாமா?"

அந்தக் கேள்விக்கும் அவள் பதிலுக்கும் நடுவில் ஒரு கணம் இருந்தது. எனக்கு முழுசாப் புரியல, சுப்பிரமணி சாரிட்ட காட்டிட்டு வந்துடறேன் என்று சொல்லியிருக்கலாம். சைக்கிளில் கால் மணி நேரம். நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள்.

"போடலாம் நைனா."

முப்பத்திரண்டு பேரும் போட்டார்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு அவளே ஸ்டாம்ப் பேடு எடுத்துக் கொடுத்தாள். விளக்கு வைத்ததும் குலாம் ரசூலின் மனைவி ரஹமத்துன்னிசா ஒரு கிண்ணம் சேமியா பாயசம் கொண்டுவந்து, "படிச்ச புள்ள வாயால நல்ல சேதி கேட்டோம்" என்று சந்திரகலாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் ஒண்ணாந்தேதி. திங்கட்கிழமை காலை எட்டு மணி ஷிப்டுக்கு மில் கேட்டின் சின்னக் கதவு மட்டும் திறந்திருந்தது. வாட்ச்மேன் கையில் ஒரு லிஸ்ட். பேர் இருக்கிறவர்களை ஒதுங்கி நிற்கச் சொன்னான். சகாதேவன் தூக்குச் சட்டியோடு ஒதுங்கி நின்றார். எக்ஸ்பெல்லர் சத்தத்தில் அவருக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. யார் என்ன சொல்கிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட்ல இருக்கறவங்கள உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டரு" என்றான் வாட்ச்மேன். "என்னக் கேக்காதீங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களாம்."

"இன்னாத்துக்குப் போட்டோம்?"

"வேலைய வுட்டுப் போறேன்னு."

உள்ளே, பாம்பேயிலிருந்து வந்து மூன்று வாரமாக சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த இரண்டு புது மெஷின்களின் மேலிருந்து சாக்கை உரித்துக்கொண்டிருப்பது கேட் இடுக்கில் தெரிந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி, ஆபீசுக்கு வந்து நின்ற சந்திரகலாவைப் பார்த்தார்கள். அவளுக்குக் கதவு திறந்திருந்தது. அவள் லிஸ்டில் இல்லை.

உள்ளே போனாள். மேனேஜர் அறையின் ஸ்பிரிங் கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"சார், அவங்கள நிறுத்திட்டீங்களா?"

மூர்த்தி காப்பியைக் கீழே வைத்தார். "உட்காரு."

"நிறுத்திட்டீங்களா சார்?"

"அப்படி சொல்லாதம்மா. அது ரொம்ப நெகட்டிவா இருக்கு. மேன்பவர ஸ்ட்ரீம்லைன் பண்ணியிருக்கோம். மில் வயபிளா இருக்கணும்னா வேற ஆப்ஷன் இல்ல. அவங்களே வாலண்டரியா சைன் பண்ணியிருக்காங்க."

"அவங்களுக்குப் புரியல சார். எனக்கே புரியல. உங்களக் கேட்டதுக்கு நல்ல விஷயம்னீங்க."

"கம்பெனி ஆங்கிள்ல நல்ல விஷயம்தானே? இது ஒரு கம்யூனிகேஷன் கேப். அவ்வளவுதான்."

"எங்க நைனா பேரு அதுல இருக்கு."

"தெரியும். அதனாலதான் உன் பொசிஷன சேஃபா வச்சிருக்கேன். எமோஷனலாவாத. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்கு வேலை இருக்கணும்னு நான்தான் மாமாகிட்ட சொன்னேன்."

சந்திரகலா மேசையை நெருங்கினாள். "நீங்க அந்த லெட்டரத் தமிழ்ல எழுதியிருக்கலாமில்ல சார்? மில்லுல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

மூர்த்தி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற சிரிப்பு. அதுதான் அவளை எரித்தது. "தமிழ்ல சொன்னா ரொம்ப ரஃப்பா இருக்கும்மா. மனசு கஷ்டப்படுவாங்க. இங்கிலீஷ்ல ஒரு டிக்னிட்டி இருக்கு."

அவள் வெளியே வந்து தன் மேசையில் உட்காரவில்லை. மெஷினின் மேல் உறையைப் போட்டு மூடினாள். கேட்டைத் தாண்டி வந்தபோது கூட்டம் வழி விட்டது. அந்த வழி விடுதல் அவள் முகத்தில் அறைந்தது போலிருந்தது.

அன்றைக்குக் காலனியில் பல வீடுகளில் உலை வைக்கவில்லை. ரஹமத்துன்னிசா வந்தாள். வாசலோடு நின்றாள்.

"ஏம்மா, தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா? அத்த மட்டும் சொல்லு."

"தெரியாமதான் அத்தே."

"தெரியாததுக்கு எதுக்கும்மா அப்படி கணீர்னு படிச்ச? கொஞ்சம் திக்கித் திணறியிருந்தாக்கூட நாங்க சந்தேகப்பட்டிருப்பமே." தன் வீட்டுப் பக்கம் கை காட்டினாள். "ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன் வூட்ல." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

சந்திரம்மாள் மில்லிலிருந்து வந்து, கூடையைச் சுவரோரம் எறிந்தாள். பொறுக்குகிற பெண்களில் பாதிப் பேரை அன்று மத்தியானமே நிறுத்தியிருந்தார்கள். அவளும் அதில் ஒருத்தி.

"எங்களுக்கு லெட்டரும் இல்ல, கையெழுத்தும் இல்ல" என்றாள். "மேஸ்திரி வந்தான். நாளைக்கு வராதீங்கன்னான். ரெண்டே வார்த்தை. படிக்காத முண்டத்துக்கே புரிஞ்சிது. எங்க மேல அவனுக்கு அவ்ளோ மரியாதை இல்ல பாரு, அதனால புரியற மாதிரி சொல்லிட்டான்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ அந்த ஆபீசுக்கு இன்னும் போறியா?"

"இல்லம்மா."

"போவாத. அந்தக் காசுல வர்ற அரிசி என் தொண்டையில எறங்காது."

சகாதேவன் சாயங்காலம் வரை கயிற்றுக் கட்டிலில், ஊருக்குப் பின்னால் நிற்கிற மலையைப் பார்த்தபடி கிடந்தார். பகலெல்லாம் வெயில் குடித்த மலை காலனி முழுக்க அனலை ஊதிக்கொண்டிருந்தது. களியும் கீரையும் கொண்டுபோய் வைத்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெரியலன்னு சொல்லியிருந்தா போதுமே, கலா. உன்ன எவன் இன்னா சொல்லப் போறான்? நான் சொல்ல வுட்டிருப்பனா?"

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். அவள் எழுந்து, தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்து அடித்துக் கழுவினாள். தன்மேல் இருந்த கோபமும் மூர்த்திமேல் இருந்த கோபமும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் பிசைந்து கிடந்தன. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவள் பொய் சொன்னது பயத்தில், வெட்கத்தில். அந்தக் கடிதம் பொய் சொன்னது யோசித்து, திட்டம் போட்டு. அது பேசியது முழுக்க மரியாதை வார்த்தை. ஒவ்வொரு வார்த்தையையும் பொறுக்கி எடுத்து, அதில் எதுவும் குத்தாதபடி முனையைத் தேய்த்து வைத்திருந்தான் ஒருத்தன்.

மறுநாள் காலை சுப்பிரமணி சாரின் இன்ஸ்டிட்யூட் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். கடிதத்தின் காப்பியையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு, அவர் டிக்‌ஷனரியில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினாள். அகராதியில் கிடைக்காததற்கு அவரைக் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சர்ப்ளஸ்னா இங்க நீ சொல்ற அர்த்தம் இல்லம்மா. வேண்டாத ஆளு. ரிலீவ்டுன்னா போயிட்டு வான்னு அர்த்தம். ஸ்ட்ரீம்லைன்னா ஆளக் கொறைக்கறது. இதெல்லாம் இப்ப புதுசா வந்திருக்கற பேஷன் வார்த்தைங்க. பேண்ட்டு சட்டை மாதிரி. உள்ள இருக்கற உடம்பு பழசுதான்."

அவள் தமிழ் மெஷினில் போய் உட்கார்ந்தாள். கடிதம் இங்கிலீஷில் ஒரு முழுப் பக்கம். தமிழில் நாலு வரியில் முடிந்துவிட்டது.

"புது மெஷின் வாங்கிவிட்டோம். அதனால் நீ எங்களுக்கு வேண்டாம். ஒண்ணாம் தேதியிலிருந்து உனக்கு வேலை இல்லை. இதற்கு நீயே சம்மதித்ததாகக் கையெழுத்துப் போடு."

அடித்துவிட்டு உற்றுப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியாமல் இல்லை. மூன்று கார்பன் வைத்து மறுபடி அடித்தாள். பிறகு வேலூர் லேபர் ஆபீசருக்கு ஒரு மனு. அதில், கடிதத்தைத் தப்பாகப் படித்துச் சொன்னவள் நான்தான் என்றும் எழுதினாள்.

அந்த வரியைக் குலாம் ரசூல் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இது எதுக்கும்மா? உன் பேரு கெட்டுப் பூடுமே."

"இது இல்லன்னா மனு நிக்காது மாமா."

அவர் மனுவைக் கையில் வாங்கினார். "கையெழுத்துப் போட்டது நாங்க. நீ ஒருத்தியே தூக்கிச் சுமக்காத." மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே வேலூர் பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் புதன்கிழமை லேபர் ஆபீசர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முப்பத்திரண்டு பேரும் வந்துவிட்டதால் ஆபீசில் இடமில்லாமல், மூட்டை அடுக்குகிற ஷெட்டில் நாற்காலி போட்டார்கள். காலனிப் பெண்கள் தூண்களுக்குப் பின்னால் நின்றார்கள். புது மெஷின்களை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னார் ஆபீசர். சத்தம் நின்றதும் ஷெட் கூரையில் புறா நடப்பது கேட்டது.

மூர்த்தி ஃபைலைத் திறந்தார். "சார், எல்லாம் டிரான்ஸ்பேரண்டா நடந்திருக்கு. லெட்டர் குடுத்தோம். இவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் டிஸ்கஸ் பண்ணியிருக்காங்க. எங்க ஆபீஸ் ஸ்டாஃபே படிச்சு விளக்கியிருக்கா. அதுக்கப்புறம் வாலண்டரியா சைன் பண்ணியிருக்காங்க."

"யாரு விளக்கினது?"

சந்திரகலா முன்னால் வந்தாள். தூணுக்குப் பின்னால் ரஹமத்துன்னிசா நிற்பது தெரிந்தது. பார்க்காமலிருக்க முயன்றாள்.

"நான்தான் சார். தப்பா விளக்கினேன்."

"நீ இன்னா சொன்னம்மா?"

"சர்ப்ளஸ்னா நல்லதுன்னு சொன்னேன். ரிலீவ்னா புயல் நிவாரணம் மாதிரின்னு சொன்னேன். ரேஷன் அரிசி குடுப்பாங்கன்னு சொன்னேன்." ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல முகம் தீயாக எரிந்தது. ஓரத்தில் நின்ற ஆபீஸ் கிளார்க் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவள் நிறுத்தவில்லை. "எனக்கு அர்த்தம் தெரியாது சார். லெட்டர அடிச்சதும் நான்தான். அடிக்கறப்ப சாரக் கேட்டேன். நல்ல விஷயம்னு சொன்னாரு."

ஆபீசர் மூர்த்தியைப் பார்த்தார். "லெட்டர அடிச்ச பொண்ணுக்கே புரியல. கைநாட்டு வச்சவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"சார், அது ஒரு கம்யூனிகேஷன்..."

"சரி. இப்ப நீங்க சொல்லுங்க. இந்த லெட்டர்ல இருக்கறத இவருக்குத் தமிழ்ல சொல்லுங்க, கேப்போம்." முன் வரிசையிலிருந்த சகாதேவனைக் காட்டினார்.

மூர்த்தி தொண்டையைச் செருமினார். "அதாவது சகாதேவன், மில்லோட வயபிலிட்டிய..."

"தமிழ்ல."

"மில்லோட நலனை உத்தேசித்து, ஆட்களை ஒரு முறைப்படுத்தி..."

சகாதேவன் வலது காதை அவர் பக்கம் திருப்பி, கையைக் குவித்து வைத்துக்கொண்டார். "சத்தமா சொல்லுங்க சார். எனக்குக் காது மந்தம்."

"முறைப்படுத்தி! சில பேரை விடுவித்து!"

"எத்த வுடறது?"

"உங்கள! மில்லுலேந்து!"

"நான் இன்னா தப்புப் பண்ணேன் சார்?"

"தப்பு இல்லய்யா, நீங்க வந்து..." மூர்த்தியின் முகம் சிவந்துவிட்டது. ஃபைலைப் புரட்டினார், மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. "உனக்கு வேலை இல்லய்யா! நீ வேணாம்! வூட்டுக்குப் போ! போதுமா?"

சகாதேவன் காதிலிருந்து கையை மெல்ல எடுத்தார்.

"இப்பப் புரியுது சார்" என்றார். "இத்த அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா எவனாவது கையெழுத்துப் போட்டிருப்பானா?"

ஆபீசர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, தொழிலாளர் சொன்னதையும் நிர்வாகம் சொன்னதையும் அதே வார்த்தையில் வாசித்துக் காட்டினார். "உனக்கு வேலை இல்லய்யா, நீ வேணாம்" என்று அவர் தட்டையான குரலில் வாசித்தபோது மூர்த்தி, "சார், அந்த வேர்டிங்க மட்டும் கொஞ்சம்..." என்றார். ஆபீசர் மாற்றவில்லை.

கையெழுத்துகள் செல்லாது என்று ஆனது. ஆனால் வேலை வந்துவிடவில்லை. வேலூருக்கும் ஊருக்குமாகப் பேச்சுவார்த்தை ஆடி மாதம் வரை இழுத்தது. அதுவரை ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். சிலர் செங்கல் சூளைக்கு, சிலர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற வீடுகளில் தோட்ட வேலைக்கு. கடைசியில் பத்தொன்பது பேரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பதின்மூன்று பேருக்கு நஷ்ட ஈடு கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். பொறுக்குகிற பெண்களைப் பற்றி எந்தத் தாளிலும் பேச்சே இல்லை.

குலாம் ரசூல் பத்தொன்பதில் இருந்தார். சகாதேவன் பதின்மூன்றில்.

சேதி வந்த அன்று குலாம் ரசூல் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பீடியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு உள்ள போவ வெக்கமா இருக்கு, சகாதேவா."

"போய்யா. பொண்ணுங்கள வச்சிக்கினு வெக்கம் பாப்பியா?" என்றார் சகாதேவன். "பாய்லருக்கு உன்ன வுட்டா ஆளு ஏது?" சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சகாதேவன் கீழ்பென்னாத்தூரில் ஒரு நெல் மண்டியில் மூட்டை தூக்கப் போனார். ஐம்பத்திரண்டு வயதில் முதுகில் மூட்டை. காலை ஆறு மணி பஸ்ஸில் போய், வரும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தார். சந்திரம்மாள் தவிட்டைச் சூடு பண்ணித் துணியில் கட்டி அவர் இடுப்பில் ஒத்தடம் கொடுப்பாள். கொடுக்கும்போது மில் இருக்கும் திசையைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டுவாள். எல்லாம் சுத்தத் தமிழ்.

ஆடிக் கடைசியில் சந்திரகலா மில்லுக்குப் போனாள். எழுதிக் கொடுக்காமலே நின்றுவிட்டதால் அவள் பேர் இன்னும் ரெஜிஸ்டரில் இருந்தது. சுப்பிரமணி சார் அவளைத் தன் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டிருந்தார். பழைய வேலையை முறையாக விட்டு வந்துவிடு என்றார். தமிழில் ஒரே வரி, இரண்டு காப்பி அடித்து எடுத்துக்கொண்டு போனாள். "இன்றிலிருந்து நான் வேலைக்கு வரமாட்டேன்."

அவளுடைய மெஷினில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புதிது போல, பயந்து பயந்து அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூர்த்தி எழுதிய தாள் ஒன்று இருந்தது. சந்திரகலா நின்று அதைப் பார்த்தாள்.

"அர்த்தம் தெரியாத வார்த்தை வந்தா அடிக்காத" என்றாள். "கேளு. தமிழ்ல சொல்ற வரைக்கும் கேளு."

அந்தப் பெண் மிரண்டு போய்த் தலையாட்டினாள்.

மூர்த்தி ராஜினாமாவைப் படித்தார். ஒரே வரிதான், ஆனால் இரண்டு மூன்று தடவை படித்த மாதிரி இருந்தது. பேனாவை எடுத்து அவளுடைய காப்பியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவர் உடம்பில் அழகாகப் பொருந்தியது.

"நீ நல்ல ஒர்க்கர்மா. ஸ்பீடும் இருக்கு, அக்யூரஸியும் இருக்கு. எங்கயோ போயிருக்க வேண்டிய பொண்ணு. உன்கிட்ட ஒரே ஒரு பிராப்ளம்தான். ஆட்டிட்டியூட்."

சந்திரகலா தாளை வாங்கவில்லை.

"அப்படின்னா இன்னா சார்?"

"ஆட்டிட்டியூட்மா. எப்படிச் சொல்றது... உன்னோட அப்ரோச்சு. ஒரு மெண்ட்டல் மேக்கப்."

"தமிழ்ல சொல்லுங்க சார்."

அவர் அவளைப் பார்த்தார். வெளியே புது டைப்பிஸ்ட்டின் சாவிச் சத்தம் நின்றிருந்தது. மூர்த்தி ஜன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு, சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று தவறி விழுந்த மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"திமிரு."

"ஆமா சார்" என்றாள் சந்திரகலா. "இருக்குது."

தாளை அவர் கையிலிருந்து எடுத்து, மடிக்காமல், மை காய்வதற்காக விரித்துப் பிடித்தபடியே வெளியே நடந்தாள்.